அன்று 'யாரு ஹூண்டாய்?'... இன்று 'பாடி மெலிசா?' கொரிய கார் மீதான பார்வை மாறியது எப்படி?

மறைமலை நகர் பக்கம் பழைய கார் பார்க்கப் போனால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "ஃபோர்டு இரும்பு மாதிரி சார், ஆனா ஸ்பேருக்கு யோசிச்சுக்கோங்க." அடுத்து, "ஹூண்டாய் கண்ணை மூடிட்டு வாங்கலாம் சார், சர்வீஸ் பிரச்சினையே இல்ல. பாடிதான் கொஞ்சம் மெலிசு."

இரண்டுமே நம்மூர் வண்டிகள்தான். ஃபோர்டு மறைமலை நகரிலேயே தயாரானது. ஹூண்டாய் தயாராவது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில். சிங்கபெருமாள் கோவில், ஒரகடம் வழியாகப் போனால் ஒரு மணி நேரப் பயணம். அப்படியிருக்க, கெட்டி என்று பேர் வாங்கிய அமெரிக்க கார் ஏன் போனது? மெலிசு என்று பேர் வாங்கிய கொரிய கார் எப்படி நிலைத்தது?

"கொரியாவா? எத்தனை நாளைக்கு?"

ஹூண்டாய் இந்திய நிறுவனம் தொடங்கப்பட்டது 1996 மே மாதம். அப்போது கொரிய கார் என்றாலே சந்தேகம்தான். இது நம்மூர் சந்தேகம் மட்டுமல்ல. 1986ல் அமெரிக்காவுக்குப் போன ஹூண்டாய் எக்ஸெல், விலை குறைவு என்பதால் முதல் ஆண்டிலேயே 1.68 லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு ரிப்பேர் மேல் ரிப்பேர் வர, அங்கே அந்தப் பெயரே கேலிப்பொருள் ஆனது. 1990களின் கடைசியில் இன்ஜின், கியர்பாக்ஸுக்கு 10 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வாரண்டி கொடுத்துத்தான் அந்தப் பெயரை மீட்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் அதே காலத்தில் இன்னொரு கொரிய நிறுவனமும் இருந்தது, டேவூ. சியெலோ, மாட்டிஸ் எல்லாம் அதன் வண்டிகள். 2000ல் கொரியாவில் தாய் நிறுவனம் திவாலானது. கொஞ்ச நாளில் இந்தியாவிலும் கடை மூடப்பட, வாங்கியவர்கள் ஸ்பேருக்கு அலைந்தார்கள். 'கொரியாக்காரன் விட்டுட்டுப் போயிடுவான்' என்ற பயம் காரணமில்லாமல் வந்ததல்ல.

சான்ட்ரோ செய்தது என்ன?

1998 செப்டம்பரில் வந்த சான்ட்ரோ பார்ப்பதற்கு அழகான வண்டி இல்லை. உயரமாக, பெட்டி மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தவர்கள் நிறைய. ஆனால் அந்த உயரம்தான் பிறகு அதன் பலமானது. புடவை கட்டிய அம்மாவும் முழங்கால் வலி உள்ள தாத்தாவும் குனியாமல் ஏறி இறங்க முடிந்தது. மாருதி 800 கார்புரேட்டரில் ஓடிய காலத்தில் இது எம்பிஎஃப்ஐ இன்ஜினோடு வந்தது. பெயர் தெரியாத நிறுவனத்துக்கு முகம் வேண்டும் என்று ஷாருக்கானை விளம்பரத்தில் கொண்டு வந்தார்கள்.

விளம்பரம் முதல் கார் விற்கும். இரண்டாவது காரை விற்பது சர்வீஸ். ஏசி நன்றாகக் குளிரும், ஸ்டியரிங் லேசாக இருக்கும், ஸ்பேர் உடனே கிடைக்கும், விற்றால் விலை கிடைக்கும். 'தரம்' என்று நம்மூரில் சொன்னதற்கு நடைமுறை அர்த்தம் இதுதான். ஐ10, ஐ20 வழியாக அந்த நம்பிக்கை வளர்ந்து, 2015ல் வந்த க்ரெட்டாவில் உச்சத்துக்குப் போனது. 2024 தொடக்கத்திலேயே இந்தியாவில் 10 லட்சம் க்ரெட்டா விற்றுவிட்டது.

மறைமலை நகரில் நடந்தது வேறு

இங்கிருந்து 1999ல் ஃபோர்டு ஐகான் வந்தது. 2010ல் ஃபிகோ, 2013ல் ஈக்கோஸ்போர்ட். கதவைச் சாத்தும் சத்தத்திலேயே 'வண்டின்னா இது' என்று சொல்ல வைத்த கார்கள். நெடுஞ்சாலையில் அசையாது, பிரேக் பிடித்தால் நிற்கும் என்று இன்றும் ஃபோர்டு ஓட்டுபவர்கள் விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள். ஈக்கோஸ்போர்ட் இங்கிருந்து அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது.

4 மீட்டருக்குள் குட்டி எஸ்யூவி என்ற ஆசையை நம்மூரில் கிளப்பிவிட்டதில் ஈக்கோஸ்போர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தச் சந்தையில் பின்னால் வந்து அறுவடை செய்தவர்களில் ஹூண்டாய் வென்யூவும் (2019) கியா சோனெட்டும் (2020) உண்டு. புது மாடல் அடுத்தடுத்து வராத ஃபோர்டு பின்தங்கியது.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். கூடுதல் இழப்பீடு கேட்டு மறைமலை நகர் தொழிலாளர்கள் 2022ல் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்தது.

விட்டுவிட்டுப் போவான் என்று பயந்தது கொரியாக்காரனை. போனது அமெரிக்காக்காரன்! சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னாலும், பழைய கார் வாங்குபவர்களிடம் தயக்கம் வந்துவிட்டது.

2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஃபோர்டு புதிய ஒப்பந்தம் போட்டிருக்கிறது. முதலீடு 3,250 கோடி ரூபாய். 2029 முதல் ஆண்டுக்கு 2.35 லட்சம் இன்ஜின்கள் தயாரிக்கத் திட்டம். கவனிக்க: இது இன்ஜின், அதுவும் ஏற்றுமதிக்கு. உள்ளூர் ஷோரூமுக்கு கார் வரும் என்று இதில் எதுவும் இல்லை.

'மெலிசு' என்பது உண்மையா?

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு 5 இந்திய கார்களை 64 கி.மீ. வேகத்தில் மோத விட்டது. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஹூண்டாய் ஐ10க்கு ஜீரோ ஸ்டார். இதே மறைமலை நகரில் தயாரான ஃபிகோவுக்கும் ஜீரோதான்! ஆனால் ஒரு வித்தியாசம். ஐ10ன் உடற்கட்டு மோதலைத் தாங்கவில்லை, ஃபிகோவின் கூடு உறுதியாக நின்றது. அதாவது ஃபோர்டு கெட்டி என்ற ஊர்ப்பேச்சு பொய்யில்லை. ஆனால் கூடு மட்டும் கெட்டியாக இருந்து ஏர்பேக் இல்லாவிட்டால் உள்ளே இருப்பவருக்குப் போதிய பாதுகாப்பு இல்லை.

அதன்பிறகு இயான் 2016ல் ஜீரோ, புது சான்ட்ரோ 2019ல் 2 ஸ்டார், கியா செல்டோஸ் 2020ல் 3 ஸ்டார், க்ரெட்டா 2022ல் 3 ஸ்டார். இதற்கிடையே 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியதுதான் பேச்சையே மாற்றியது. அதுவரை மைலேஜ் கேட்டவர்கள் ஸ்டார் கேட்க ஆரம்பித்தார்கள். யூடியூபில் மோதல் வீடியோவைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போகும் பழக்கம் வந்தது. கொரிய கார்களின் பெயர் அடிபட்டது அப்போதுதான்.

2023 அக்டோபரில் ஹூண்டாய் தன் எல்லா மாடல்களிலும் 6 ஏர்பேக் கட்டாயம் என்று அறிவித்தது. அதே நேரத்தில் வெர்னா 5 ஸ்டார் வாங்கியது. ஆனால் அந்த 5 ஸ்டார் வெர்னாவின் உடற்கட்டையும் 'உறுதியற்றது' என்றுதான் குளோபல் என்கேப் குறிப்பிட்டது. பிறகு பாரத் என்கேப் சோதனையில் டூசான் (2024), கியா சைரோஸ் (2025) ஆகியவை 5 ஸ்டார் பெற்றன. எனவே 'கொரிய கார்னாலே டப்பா' என்று மொத்தமாகச் சொல்வதும் தப்பு, 5 ஸ்டார் பார்த்ததும் கேள்வியை நிறுத்துவதும் தப்பு.

தட்டிப் பார்த்து தகரத்தின் கனத்தை அளப்பதில் பெரிய பயனில்லை. வெளித் தகடு மோதலில் நசுங்கத்தான் செய்யும். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் தூண்கள், சீட் பெல்ட், ஏர்பேக்.

இப்போதைய புகார்: விலை

மலிவு என்பதற்காக வாங்கிய காலம் போய்விட்டது. 2015ல் க்ரெட்டா தொடங்கியது 8.59 லட்சத்தில். இன்று உச்ச மாடல் 20 லட்சம் வரை போகிறது. பங்குச் சந்தையிலும் இதே பேச்சுதான். 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய் திரட்டிய ஹூண்டாய் பங்கு, 1,960 ரூபாய்க்கு விற்கப்பட்டு முதல் நாளே சுமார் 7 சதவீதம் இறங்கியது.

நீண்ட காலம் மாருதிக்கு அடுத்த இடத்தில் இருந்த நிறுவனத்தை 2025 உள்நாட்டு விற்பனையில் மஹிந்திராவும் டாடாவும் முந்தின. இரண்டுமே பாதுகாப்பைச் சொல்லி விற்பவர்கள். சர்வீஸும் ரீசேலும் மட்டும் போதும் என்றிருந்த வாடிக்கையாளர் இப்போது கூடுதலாகக் கேட்கிறார்.

வாங்கப் போகிறீர்களா?

பழைய ஹூண்டாய் என்றால் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2023 அக்டோபருக்கு முந்தைய வண்டியில் 6 ஏர்பேக் இல்லாமல் இருக்கலாம். விளம்பரத்தில் சொல்லும் ஸ்டார், நீங்கள் வாங்கும் அதே மாடலுக்கும் வேரியன்ட்டுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பாரத் என்கேப் சோதனை முடித்த வண்டி என்றால் ஸ்டிக்கரில் உள்ள க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்து நீங்களே பார்க்கலாம்.

பழைய ஃபோர்டு என்றால், கையெழுத்துப் போடும் முன் அந்த மாடலின் கியர்பாக்ஸ், ஹெட்லைட், சஸ்பென்ஷன் பாகங்களுக்கு விலையும் காத்திருக்கும் நாட்களும் எவ்வளவு என்று சர்வீஸ் சென்டரில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.