கடலுக்கு அஞ்சிய கலைஞன் – 9: வெள்ளை மாளிகை அழைப்பு

திரை விலகியது என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

1916 ஜனவரி 28. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம். ஸ்பானிய மொழி ஓபரா ஒன்று அந்த மேடை ஏறியது அதுதான் முதல் முறை. அதை இயற்றிய 48 வயது என்ரிக் கிரனாடோஸுக்குக் கைதட்டல் குறைவில்லாமல் கிடைத்தது. ஆனாலும் 'கோயெஸ்காஸ்' என்ற அந்த ஓபரா அங்கே ஐந்தே முறைதான் நடந்தது. காரணம் எளிது. அது பியானோவுக்கென்றே பிறந்த இசை. கோயாவின் ஓவியங்களில் மனம் பறிகொடுத்து எழுதி, 1911-ல் பார்சலோனாவில் அவரே வாசித்தது. மெட்டு முதலில், பாட்டு பிறகு. அந்த மெட்டுகளுக்குப் பாத்திரங்களும் வசனமும் பின்னால் வந்து சேர்ந்தன. காட்சி மாற்றத்துக்கு அவகாசம் தேவைப்பட்டதால், ஒத்திகை நாட்களில் அவர் எழுதிச் சேர்த்த சிறிய இடையிசைதான் இன்று உலகமெங்கும் ஒலிக்கிறது.

நியூயார்க்கில் இன்னொரு காரியமும் செய்தார். டியோ-ஆர்ட் பியானோவின் முன் அமர்ந்து வாசித்தார். விரல் பட்ட இடமெல்லாம் காகிதச் சுருளில் துளைகளாகப் பதிந்தன. அந்தச் சுருளைச் சுழலவிட்டால், ஆளில்லாத பியானோவில் கட்டைகள் தாமாக இறங்கி எழும். முதன்முதலாக அதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

இனி ஊர் திரும்ப வேண்டியதுதான். பார்சலோனாவில் ஆறு பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஸ்பெயினுக்கு நேரே போகும் கப்பல் ஒன்று இருந்தது. கடல் என்றாலே கலங்கும் மனிதருக்கு அதுவே பெரிய ஆறுதல். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது: ஜனாதிபதி உட்ரோ வில்சன் முன்னிலையில் வாசிக்க வேண்டும். மறுக்க முடியுமா? மார்ச் 7 அன்று வெள்ளை மாளிகையில் வாசித்தார். நேர்க்கப்பல் தவறிப்போனது.

மனைவி அம்பாரோவுடன் வேறு கப்பலில் இங்கிலாந்து போய், லண்டனில் சில நாட்கள் தங்கினார். மார்ச் 24 பிற்பகல். போர் நடந்துகொண்டிருந்த ஆங்கிலக் கால்வாயைக் கடக்க, ஃபோக்ஸ்டனில் 'சஸ்ஸெக்ஸ்' என்ற பயணிகள் கப்பலில் இருவரும் ஏறினார்கள். போக வேண்டிய துறைமுகம் பிரான்சின் டியெப். கப்பலில் 300-க்கும் மேற்பட்ட பயணிகள்.

வழியில், தண்ணீருக்கடியில், யுபி-29 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி. அதன் தளபதி ஹெர்பர்ட் புஸ்ட்குஷன், சஸ்ஸெக்ஸைப் பெரிஸ்கோப்பில் பார்த்துவிட்டார்.

(தொடரும்)