அக்காடிய மொழியும் அது காத்த செல்வமும்

தைகிரிசு, யூபிரதீசு என்னும் ஆறுகள் பாயும் ஈராக் நாட்டில், 2000 ஆண்டுகளுக்கு மேலாக எழுத்துவழக்கில் நின்றது அக்காடிய மொழி. அரபுக்கும் எபிரேயத்துக்கும் உறவான செமித்திய மொழி அது. கி. மு. 24ஆம் நூற்றாண்டளவில் சார்கோன் என்னும் மன்னன் சுமேரிய நகரங்களை வென்று, அக்காட் நகரைத் தலைநகராக்கி ஆண்டான். அந்நகர் இருந்த இடம் இன்னும் ஐயமறத் துணியப்படவில்லை. அதன் பெயரோ மொழியின் பெயராய் நிலைத்துவிட்டது.

வென்றோர் தமக்கெனத் தனியெழுத்துப் படைத்தாரல்லர். சுமேரியர் ஈரக் களிமண்ணில் நாணற்கோலால் அழுத்திய ஆப்பெழுத்தையே மேற்கொண்டனர். சுமேரியமோ செமித்திய இனத்துக்கு முற்றும் புறம்பான மொழி. ஆதலின் எழுத்தும் மொழியும் இசையாது இடர்ப்பட்டன. சுமேரியர் 'அன்' என வழங்கிய வானக் குறியை, அக்காடியர் ஓரிடத்து வானத்தை உணர்த்தும் 'சமூ' என்றும், ஓரிடத்துக் கடவுளை உணர்த்தும் 'இலு' என்றும், பிறிதோரிடத்து வெறும் 'அன்' என்னும் அசையாகவும் படித்தனர். அக்காலத்து மாணாக்கர் பட்ட பாட்டுக்கு நாம் இரங்கலாம்.

ஆயினும் அவ்விடரே பெரும் பயன் விளைத்தது. கி. மு. 2000 அளவில் சுமேரியம் பேச்சுவழக்கு ஒழிந்த பின்னும், பள்ளிகளில் அது கற்பிக்கப்பட்டது. சுமேரியச் சொல்லையும் அதற்கு நேரான அக்காடியச் சொல்லையும் அருகருகே பொறித்த நிகண்டுகள் எழுந்தன. இன்று அறிஞர் சுமேரியத்தை உணர்வது பெரும்பாலும் இவற்றின் துணையாலேயே. வென்றோர் மொழி தோற்றோர் மொழிக்கு உரையாசிரியனாயிற்று எனலாம்.

அக்காடியத்தின் செல்வாக்கு எல்லை கடந்தும் பரவிற்று. எகிப்தின் அமார்னாவில் 1887இல் வெளிப்பட்ட கி. மு. 14ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் பெரும்பாலும் இம்மொழியிலேயே உள்ளன. தன்மொழியும் தன்னெழுத்தும் வாய்ந்த எகிப்திய அரசனும் அயல்மன்னருக்கு இதிலேயே எழுதினான்.

பின்னர், 22 எழுத்துக்களே கொண்ட அரமேயம் பரவ, அக்காடியம் தளர்ந்தது. ஆனால் தோலிலும் தாளிலும் மையால் எழுதிய அரமேய ஆவணங்கள் பெரும்பாலும் மக்கி மறைந்தன. களிமண் ஏடுகள் நின்றன. கி. மு. 612இல் நினிவே நகர் தீக்கிரையானபோது, அசூர்பனிபால் மன்னனின் நூலகத்து ஏடுகள் பல அத்தீயில் வெந்து மேலும் உறுதிபெற்றன. நகரை அழித்த நெருப்பே நூலுக்குச் சூளையாயிற்று.

1857இல் இலண்டன் அரச ஆசியக் கழகம் ஒரே கல்வெட்டை உரோலின்சன், இங்சு, தால்பொத்து, ஒப்பேட்டு என்னும் நால்வரிடம் தந்தது. அவர்கள் தனித்தனியே செய்த மொழிபெயர்ப்புக்கள் பெரிதும் ஒத்திருக்கவே, ஆப்பெழுத்தைப் படித்தறிய முடியும் என்பது உறுதியாயிற்று. சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 1921இல் தொடங்கிய அக்காடியப் பேரகராதி 2011இலேயே முற்றுப்பெற்றது. தொடங்கியோர் ஒருவரும் அதனைக் காண இருந்திலர்.