ஓடும் ஆணியும்

தில்லை (சிதம்பரம்) நடராசர் கோயிலின் பொன்னம்பலக் கூரையில் ஓடுகள் 21,600, ஆணிகள் 72,000. முன்னது ஒரு நாளின் மூச்சு, பின்னது உடலின் நாடிகள் என்பது மரபு. தத்துவத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டையும் வெறும் எண்களாக எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

பிறப்பிலேயே இரண்டும் வேறுபடுகின்றன. 21,600 பெருக்கலில் பிறந்தது: நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி (ஒரு விநாடி இன்றைய 24 நொடி), விநாடிக்கு 6 மூச்சு. 72,000 பிருகதாரண்யக உபநிடதத்திலேயே முழு உருவில் வந்து நிற்பது. முன்னதற்கு வானத்திலும் இடமுண்டு. வட்டத்தின் 360 பாகைகளைக் கலைகளாக்கினால் (பாகைக்கு 60 கலை) அதே 21,600. ஒரு மூச்சில் பூமி ஒரு கலை சுழல்கிறது என்பது ஆரியபட்டர் கணக்கு. பின்னதற்கு அப்படியொரு வான்சாட்சி இல்லை.

பிரித்துப் பார்த்தால் வேற்றுமை குறைகிறது. 21,600 = 2⁵ × 3³ × 5²; 72,000 = 2⁶ × 3² × 5³. இரண்டுக்கும் அதே மூன்று பகா எண்கள்தாம். இரண்டிலும் ஐந்திலும் ஆணி ஒரு படி மேலே. மூன்றில் ஓடு ஒரு படி மேலே. ஆகவே ஒன்று மற்றொன்றை மீதியின்றி வகுக்காது. ஆணிக்குக் காரணிகள் 84. ஓட்டுக்கு 72, ஆணிகளை ஆயிரங்களாக எண்ணினாலும் அதே 72.

ஓட்டுக்கு மூன்று ஆணி வீதம் பங்கிட்டால் 64,800 செலவாகி 7,200 மிஞ்சும். மிஞ்சியதே இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி! மூன்று ஓட்டுக்குப் பத்து ஆணி என்றால்தான் கணக்கு நேராகும். ஓடுகளைப் பத்தால் பெருக்கினாலும், ஆணிகளை மூன்றால் பெருக்கினாலும் கிடைப்பது 2,16,000. அதாவது 60-இன் கனம். நாழிகைக் கணக்கின் அறுபது, நாழிகையோடு தொடர்பில்லாத நாடி எண்ணையும் உறவாக்கிக்கொள்கிறது.

இரண்டிலும் இல்லாதது ஏழு. ஏழால் வகுத்தால் ஓட்டுக்கும் மீதி 5, ஆணிக்கும் மீதி 5. எனவே இவற்றின் வித்தியாசமான 50,400 ஏழால் வகுபடும். அதற்குக் காரணிகள் 108. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இதே கோயிலின் கோபுர வாயில்களில் செதுக்கியிருக்கும் நடனக் கரணங்களும் 108.

இங்கே இரண்டு வியப்புகளையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். ஏழு வந்தது கட்டாயம்: விகிதம் 3:10 என்றானபின் வித்தியாசம் ஏழு பங்காகத்தான் இருக்க முடியும். 108 கரணங்களோடு ஒத்தது தற்செயல்: கூரை வேய்ந்தவர் காரணிகளை எண்ணிப் பார்த்தார் என்று கொள்ள ஆதாரம் ஏதும் வேண்டாமா? முதலாவதை நிறுவலாம், இரண்டாவதை ரசிக்கலாம்.