ஆயரின் கணக்கு

மிட்லண்டிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா இருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். கோடை வந்தால் ரொறொன்ரோத் தமிழர்கள் அந்தத் திருத்தலத்துக்கு யாத்திரை போவது வழக்கம். 1640களில் கொல்லப்பட்ட யேசுசபையினரின் நினைவாக எழுந்த கோயில் அது. எங்களுக்கு அதுதான் இங்கத்தைய மடு. மரநிழலில் பாயை விரித்துச் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது மருதமடுக் காடு கொஞ்ச நேரம் ஒன்ராறியோவுக்கு வந்துவிடும்.

அம்மா செபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, என்ரை பிள்ளையை வட்டுவாகலிலை நான்தான் என்ரை கையாலை ஆமியிட்டை ஒப்படைச்சனான். இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள்?"

'கடவுளின்ரை சித்தம், அம்மா' என்ற வசனம் வாய்வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய வசனம். விழுங்கிக்கொண்டேன். அவருடைய கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

யார் செய்த பாவம்? சைவ வீட்டில் பிறந்திருந்தால் முன்வினை என்றிருப்போம். கிறிஸ்தவ வீட்டில் பிறந்ததால் சோதனை என்கிறோம், அல்லது தண்டனை என்கிறோம். சொல்தான் வேறு. அவரவர் துன்பத்தை அவரவர் தலையிலேயே கட்டிவிடுகிற வேலையை இரண்டும் செய்யக்கூடும். 2004 சுனாமிக்குப் பிறகு, கடல் கொண்டுபோனவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கித்த ஒருவரை நானே கேட்டிருக்கிறேன்.

நற்செய்தி நூல்கள் இந்த இடத்தில் வேறு மாதிரிப் பேசுகின்றன. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் இயேசு. பிறகு மண்ணைக் குழைத்து அவருடைய கண்ணில் பூசுகிறார். லூக்கா இன்னொரு சம்பவத்தைச் சொல்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் சரிந்து 18 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து மனம் திரும்பச் சொல்கிறார். இறந்தவர்கள்மேல் குற்றமில்லை, பதில் சொல்ல வேண்டியவர்கள் உயிரோடு நிற்பவர்கள்.

மன்னாரில் பிறந்த எனக்கு இதை விளங்கவைத்தது மறைக்கல்வி வகுப்பு அல்ல. ஒரு கழித்தல் கணக்கு.

2011 ஜனவரி 8 அன்று, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் தன் குருக்களோடு அதன் முன் சென்றார். நெடுந்தீவில் பிறந்தவர், 1992இலிருந்து மன்னாரின் ஆயர். அவர் கொடுத்த எழுத்துமூலச் சமர்ப்பணத்தில் மூன்று எண்கள் இருந்தன. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில், கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 ஜூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தவர்கள், ஐ.நா. தரவின்படி 282,380. மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று ஆயர் கேட்டார்.

நான் கணினித் துறையில் ஆலோசகனாக இருக்கிறேன். ஒரு வங்கியோ காப்புறுதி நிறுவனமோ பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது, அங்கே எத்தனை பதிவுகள் இருந்தன, இங்கே எத்தனை வந்து சேர்ந்தன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலையில் பாதி. நூறு பதிவு குறைந்தாலும் யாரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள். குறைந்தவை அழிந்துவிட்டன என்று எடுத்தவுடன் சொல்லவும் மாட்டோம். எங்கே போயின என்று கேட்போம். பதில் சொல்லவேண்டியது அவற்றைக் கையாண்டவர்.

ஆயர் செய்தது அதைத்தான். அவர் அரசாங்கத்தின் சொந்தக் கச்சேரி எண்ணையே எடுத்து அரசாங்கத்தின் முன் வைத்தார். பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்பதே கொள்கை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த எண்ணுக்காகப் பிறகு அவரைக் குற்றப் புலனாய்வுத் துறையினர் விசாரித்தார்கள். அவர் அதைத் திரும்பப் பெறவில்லை. 2021 ஏப்ரல் 1 அன்று காலமாகும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

இது திடீரென்று வந்த துணிச்சல் அல்ல. மன்னாரில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1984 டிசம்பரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். சில வாரங்களில், 1985 ஜனவரி 6 அன்று, வங்காலை புனித அன்னாள் ஆலயத்தில் மேரி பஸ்தியன் அடிகளார் இராணுவத்தினரால் சுடப்பட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா குசினிக்குள் நின்று அழுதது ஞாபகம். ஒரு பாதரைக்கூடச் சுடுவார்களா என்பதுதான் அன்று பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது. அவருடைய உடலை ஊர் அடக்கம் செய்யவில்லை, அது கிடைக்கவேயில்லை. எண்ணத் தவறினால் ஒரு மனிதர் இருந்த தடயமே அழிந்துபோகும் என்பதை மன்னார் அன்றே படித்துவிட்டது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் கடைசிவரை வன்னி மக்களோடு இருந்தார். 2009 மே 10 தேதியிட்டு, பதுங்குகுழி வாழ்விலிருந்து பாப்பரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். மே 18 அன்று வட்டுவாகலில் போராளிகளும் அவர்களின் குடும்பங்களும் சரணடைந்தபோது, அவர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் பட்டியலிட்டவர் அவர் என்று நேரில் கண்டவர்கள் சாட்சி சொல்கிறார்கள். அவர்களோடு அவரும் பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. ஆயர் எண்ணைக் கேட்டார். அடிகளார் பெயர்களை எழுதினார். துன்பம் ஏன் வந்தது என்ற விளக்கத்தை இருவரும் அங்கே தரவில்லை. தங்கள் கைக்கு எட்டிய பொறுப்பை எடுத்தார்கள்.

அதே மே 10, ரொறொன்ரோவில் அன்னையர் தினம். அன்று மாலை கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து இருந்த ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. எனக்கு வெட்கம் தருவது வேறு. அதற்குச் சில வருடங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தவர்களிடம் மாதாமாதம் காசோலை எழுதிக் கொடுத்தேன். பிரித்தானியாவில் முதுகலை படித்தவன், ஒவ்வொரு தரவையும் துருவிக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், அந்தக் காசைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போரின் கடைசி மாதங்களில் வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த பிள்ளைகளைப் புலிகள் இழுத்துச் சென்றார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைத் துரத்தினார்கள். என் மன்னாரில் அயல்வீடுகள் ஒரேயடியாக வெறுமையாயின. அந்தக் கழித்தலையும் யாராவது எங்கள் முன் வைத்தால் நான் என்ன சொல்வேன்? அது அவர்கள் செய்தது, நான் கொடுத்தது காசு மட்டும் என்றா?

ஆயரின் எண்ணுக்கும் நாங்கள் ஒன்று செய்துவிட்டோம். அவர் கேள்வியாக வைத்ததை மேடைகளில் கொல்லப்பட்டவர்களின் தொகையாக மாற்றினோம். 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்று 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு சொன்னது. எண்கள் வேறுபடுவது பொய்யினால் அல்ல, எண்ணவேண்டியவர்கள் எண்ண மறுத்ததால். பதாகையில் எழுதப்பட்ட எண் யாரிடமும் பதில் கேட்பதில்லை. கேள்வியாக இருக்கும்வரைதான் அது கொழும்பையும் கேட்கும், நியூயோர்க்கையும் கேட்கும், ஸ்காபரோவையும் கேட்கும்.

தமிழில் பொறுத்தல், பொறுமை, பொறுப்பு எல்லாம் 'பொறு' என்ற ஒரே வேரில் முளைத்தவை. சுமப்பது என்பதே அதன் பொருள். எங்கள் கோயில்களில் முதல் இரண்டையும் நிறையப் போதித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் பொறுத்துக்கொள் என்றார்கள். அவள் சுமந்தது போதும். பொறுப்பு என்ற மூன்றாவது சுமை மற்றவர்களுக்கு உரியது. சுட்டவனுக்கு, உத்தரவிட்டவனுக்கு, இழுத்துச் சென்றவனுக்கு. அவரவர் பங்கின் அளவு வேறு. ஒன்றின் பெரும்பங்கைக் காட்டி மற்றதன் சிறுபங்கை மறைக்க முடியாது. காசோலை எழுதியவனுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

அன்று பஸ் ஸ்காபரோவை நெருங்கும்போது அம்மாவிடம் சொன்னேன்: "நீங்கள் ஒரு பாவமும் செய்யேல்லை, அம்மா." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து வருடத்தில் அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லையோ என்னவோ. பிறகு மகனின் பெயரைக் கேட்டேன். முழுப்பெயர், பிறந்த தேதி, ஊர், ஒப்படைத்த நாள். போனில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, வெளியாகியிருந்த பட்டியல்களைத் தேடினேன். ஒன்றில் அந்தப் பெயர் இருந்தது. ஊர் பிழையாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை அம்மாவின் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, திருத்தும்படி கேட்டு இருவருமாகக் கடிதம் எழுதினோம். கையெழுத்தை அவர் தமிழில் வைத்தார்.