மணற்பரப்பிலிருந்து மடிக்கணினி வரை

கல்வி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைகளையும் முன்வைத்தே எழுதுவர். மாணவன் கையிலிருந்த கருவி யாது, அதனைத் தொடும் வாய்ப்பு யார்யார்க்குக் கிட்டியது என்னும் வினாக்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதற்கண் மணலைப் பரப்பி விரலால் எழுதினர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். மணலுக்கு விலையில்லை, பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் அழித்து மீண்டும் எழுதலாம்.

இந்த எளிமை ஓர் அயலவரைக் கவர்ந்தது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் மணலெழுத்தைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி வென்றது. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழி 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது. 1811இல் தோன்றிய தேசியக் கழகம் ஏழைக் குழந்தைகளுக்கான தன் பள்ளிகளில் அதனைக் கைக்கொண்டது. பெல்லின் கொடையால் எழுந்த புனித ஆண்ட்ரூஸ் நகரப் பள்ளி 'மதராஸ் கல்லூரி' என்றே இன்றும் வழங்குகிறது.

இதனை எண்ணிப் பெருமிதம் கொள்ளலாம். ஆயினும் பெருமிதத்தோடு நின்றுவிடல் ஆகாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவை 1826இல் பதிவு செய்தார். சென்னை மாகாணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவருள் ஆண்கள் 1,84,110; பெண்கள் 4,540 மட்டுமே. மணல் எல்லார்க்கும் பொது, திண்ணை அவ்வாறில்லை. பெண்மக்களும் தாழ்த்தப்பட்டோரும் அத்திண்ணைக்கு வெளியே நின்றமைக்குக் கருவியின் விலை காரணமன்று. சமுதாயத்தின் மனமே காரணம்.

பின்னர்க் கற்பலகையும் கரும்பலகையும் வந்தன. ஆயினும் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்ததில் 1956இல் காமராசர் விரிவுபடுத்திய மதிய உணவுக்கு ஈடாக எந்தப் பலகையையும் சொல்ல இயலாது. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தோன்றியது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைபேசி இல்லாத பிள்ளை திண்ணைக்கு வெளியே நின்ற பழைய பிள்ளையின் நிலையையே எய்தியது. மறு ஆண்டில் 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தின் கீழ்த் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருக்களுக்கே சென்று பாடம் சொன்னார்கள். இடைவெளியை நிரப்பியது மனிதக் குரலே.

இனியும் புதிய கருவிகள் வரும், வரவேற்போம். அது என்ன செய்யவல்லது என்று வியக்குமுன், வெளியே நிற்பவர் யார் என்று கேட்போம். இருநூறாண்டு வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் அதுவே.