பெட்டகத்துள் உறங்கும் வரலாறு

மன்னர்தம் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் காத்தன. குடிமக்களின் வரலாற்றைக் காப்பவை எவை? ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் வேரூன்றிய நம் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை, பரணிலே கிடக்கும் தகரப் பெட்டியும், அதனுள் மங்கிவரும் நிழற்படங்களும், பள்ளிச் சான்றிதழ்களுமே என்பேன்.

மூன்றாம் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் தாங்கி 1806இல் தோன்றியது செகந்தராபாத். சென்னைப் படைப்பிரிவுகளைத் தொடர்ந்து தமிழர் பலர் இங்கு வந்து, ஒப்பந்தக்காரராகவும் வணிகராகவும் எழுத்தராகவும் நிலைபெற்றனர். சோமசுந்தர முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரி ஆயிற்று. அமெரிக்கா செல்லுமுன், 1893 பிப்ரவரி 13 அன்று, விவேகானந்தர் உரையாற்றியது அங்கேதான். இத்தகைய பள்ளிகளின் பரிசு நூல்களும் ஆண்டுமலர்களும் குழுப்படங்களும் வெறும் நினைவுப் பொருள்கள் அல்ல. ஊர் வரலாற்றின் உறுப்புகளாம்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் பள்ளிச் சான்றிதழ் ஒன்றுண்டு. அதில் கண்ட ஆண்டு 1345. அதனை ஹிஜ்ரி எனக் கொண்டு, 1910இல் பிறந்த அவர் 1927இல், தம் 17ஆம் வயதில், படிப்பை முடித்தார் என்றே எண்ணியிருந்தோம். 'அண்ணா பல்லாண்டு துணிக்கடையில் கணக்கெழுதித் தம்பியரைப் படிக்கவைத்த பிறகே தாம் படித்தார்' என்று அத்தைப்பாட்டி கூறியதைக் கட்டுக்கதை எனச் சிரித்தோம். ஆனால் நிசாம் அரசின் அலுவல்களில் வழங்கியது பசலி ஆண்டு. அக்டோபர்த் தொடக்கத்தில் பிறப்பது. அதனோடு 590 கூட்டினால், அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிட்டும். ஆக, 1345 பசலி 1935 அக்டோபரில் தொடங்கி மறு ஆண்டில் முடிந்தது. பாட்டனார் தேறிய பொழுது அவருக்கு வயது 25க்குக் குறையாது! அத்தைப்பாட்டி உரைத்தது மெய். அதனை ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது அவர் உயிருடன் இல்லை.

படங்களுக்கு வருவோம். ஆறாம் நிசாமின் அரசவைப் படக்கலைஞராய்ப் புகழ்பெற்ற லாலா தீன் தயாள் (1844-1905) 1880களில் செகந்தராபாத்தில் படக்கூடம் நிறுவினார். 1892இல், கோஷா காத்த பெண்டிருக்கென ஐதராபாத்தில் ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் தனிக்கூடமும் அமைத்தார். அவ்வாறு பெண்களின் முகங்கள் படத்தில் பதியலாயின. பெயர்களோ பல வீடுகளில் பதியவே இல்லை. எங்கள் பழைய படம் ஒன்றில் மூன்று பெண்கள் அமர்ந்துள்ளனர். இருவரை அறிவோம். மடியில் குழந்தையுடன் இருக்கும் மூன்றாமவர் யார்? பாட்டி அறிந்திருந்தார், நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வீடுகள் அடுக்ககங்களாக மாறும் இந்நாளில், பெட்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் திறந்து பாருங்கள். அட்டையின் ஓரத்திலுள்ள படநிலையப் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். முதியோரை அருகிருத்தி வினவுங்கள். படத்தின் பின்புறம், மெல்லிய பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பெண்களை 'இன்னார் மனைவி' என்னாது, அவர்தம் சொந்தப் பெயராலேயே எழுதுங்கள். கைப்பேசியில் குவியும் இன்றைய படங்களுக்கும் இதுவே பொருந்தும். இல்லையேல், நம் பேரக் குழந்தைகளும் ஒருநாள் நம் முகத்தை நோக்கி, 'இவர் யார்?' என்று வினவ நேரும்.