மங்காத படம் வேண்டுமா? வீட்டுக்குப் பெரிய பிரிண்டர் வாங்குவதற்கு முன்

மாமியிடம் தன் மகனின் படம் ஒன்றுதான் இருக்கிறது. அடையாள அட்டைக்காக எடுத்த சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. இந்தப் படம் மாமியின் கைப்பைக்குள் இருந்ததால் தப்பியது. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களில் மச்சானும் ஒருவர்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவினர்களின் தொடர் போராட்டம் தொடங்கியது. அதன்பிறகு மாமியும் அந்தப் படத்தைப் பெருப்பித்து, கூட்டங்களுக்கு எடுத்துச் செல்கிறார். பெருப்பித்த படங்கள் நிலைக்கவில்லை. ஒன்று வெயிலில் சிவந்து வெளிறியது. இன்னொன்று மாரியில் நனைந்து மை ஊறியது. மூன்றாவது போனபோது மாமி சொன்னார்: “பிள்ளை, அவன்ர முகம் திரும்பத் திரும்ப அழியுது. அழியாமல் ஒண்டு அடிக்க ஏலாதா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வீட்டில் வைத்துப் பெரிய படம் அடிக்கும் பிரிண்டர்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். பழைய படங்களைக் காப்பாற்ற நினைக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால், அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மை

கடைக்காரர் வேகத்தையும் விலையையும் சொல்வார். நாம் முதலில் கேட்கவேண்டியது மை என்ன வகை என்பதைத்தான். ‘டை’ மை நீரில் கரைந்த சாயம். அது கடதாசிக்குள் ஊறிப் பளிச்சென்ற நிறம் தரும். ஆனால் ஒளியும் ஈரப்பதனும் காற்றிலுள்ள ஓசோனும் அதை விரைவாகத் தாக்கும். ‘பிக்மென்ட்’ மை கரையாத நுண்துகள்களால் ஆனது. அது கடதாசியின் மேற்பரப்பில் படிந்து நிற்பதால் ஒளியையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த எங்கள் குடாநாட்டில் இந்த வேறுபாடு பெரியது.

இங்கு பலரும் வாங்குவது எப்சன் எல்1800, எல்18050 போன்ற மைத்தாங்கி பிரிண்டர்கள். ஆறு நிற டை மை, போத்தலில் ஊற்றலாம், ஒரு படத்துக்கான செலவு குறைவு. பிறந்தநாள், கலியாணப் படங்களுக்கு இவை தாராளமாகப் போதும். ஆனால் இவற்றில் சாம்பல் நிற மை இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிற மைகளைக் கலந்தே அடிப்பதால், முகத்தில் மெல்லிய பச்சையோ ஊதாவோ தட்டலாம்.

கனன் புரோ-200 எட்டு மை கொண்டது. சாம்பல் மையும் உண்டு, ஆனால் டை வகை. கனன் புரோ-300, எப்சன் பி700 இரண்டும் பிக்மென்ட் வகை, சாம்பல் மையும் உண்டு. இம்மூன்றும் 13 அங்குல அகலக் கடதாசி எடுக்கும். எப்சன் பி900 அதே குடும்பம், 17 அங்குலம். இவற்றில் மைக் குப்பிகள் சிறியவை: புரோ-300இல் 14.4 மில்லிலீற்றர், பி700இல் 25. எல்1800இன் போத்தலோ 70. ஆகவே பிரிண்டரின் விலையைக் கேட்கும்போதே எல்லாக் குப்பிகளையும் ஒருமுறை மாற்ற எவ்வளவு முடியும் என்றும் கேளுங்கள். மலிவான மாற்று மை ஊற்றினால், நீண்டகாலம் இருக்கும் என்று கம்பனி சொன்ன கணக்கு செல்லாது.

எவ்வளவு பெருப்பிக்கலாம்?

13க்கு 19 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அடிக்க 3900க்கு 5700 புள்ளிகள் வேண்டும். 35க்கு 45 மில்லிமீற்றர் அடையாள அட்டைப் படத்தை 1200 புள்ளியில் ஸ்கான் செய்தால் ஏறக்குறைய 1650க்கு 2125 கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்க 5½க்கு 7 அங்குலம் அடிக்கலாம். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு A4 அளவும் சரிவரும். அதற்குமேல் பெருப்பித்தால் புதிய விபரம் எதுவும் வராது.

வெளிநாட்டு உறவினர்களிடமிருந்து படம் கேட்டால், வட்ஸ்அப்பில் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.

மின்சாரமும் மாரியும்

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது. அடித்துக்கொண்டிருக்கும்போது கறண்ட் போனால் மைத்தலை மூடப்படாமல் நின்று, மை காய்ந்து அடைத்துவிடும். சின்ன யூபிஎஸ் ஒன்று அவசியம். நிறுத்தும்போதும் சுவர்ச் சுவிச்சை அல்ல, பிரிண்டரின் பொத்தானையே அமத்துங்கள்.

பிக்மென்ட் பிரிண்டரைச் சும்மா வைத்திருந்தாலும் அடைக்கும். கிழமைக்கு ஒரு நிறப்படமாவது அடிக்கவேண்டும். அடைப்பெடுக்க ஓடவிடும் துப்புரவுக்கும் மைதான் செலவாகும். ஆண்டுக்கு நாலைந்து படம் மட்டும் தேவை என்றால் பிரிண்டர் வாங்காதீர்கள். ஸ்கான் செய்த கோப்பைக் கொண்டுபோய், பிக்மென்ட் மையில் அல்லது பழைய முறைப்படி இரசாயனத்தில் கழுவும் புகைப்படத் தாளில் போட்டுத் தரும் ஸ்ரூடியோவில் கொடுங்கள்.

கடதாசியை வாய் இறுக்கிய பையில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். அடித்த படத்தை ஒரு நாள் காயவிட்டுத்தான் பிறேம் போடவேண்டும். கண்ணாடி படத்தில் முட்டக்கூடாது. இடையில் மட்டை வைக்காவிட்டால் மாரியில் ஒட்டிக்கொள்ளும்.

மூலப்படத்தை லமினேற் செய்யாதீர்கள்

பாதுகாப்பு என்று நினைத்து நம்மவர்கள் மூலப்படத்தையே லமினேற் செய்கிறார்கள். சூடும் பசையும் படத்தில் இறங்கியபின் பிரித்தெடுக்க வழியில்லை. நானே ஒருமுறை அப்பாவின் பாடசாலைப் படத்தை அப்படிக் கெடுத்திருக்கிறேன். மூலத்தை முதலில் ஸ்கான் செய்து, கோப்பை இரண்டு இடங்களில் சேமித்து, படத்தை அமிலமற்ற கடதாசியில் சுற்றி இருட்டில் வையுங்கள்.

கடைசியில் படம் எடுக்கும் நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து 13 அங்குலப் பிக்மென்ட் பிரிண்டர் ஒன்று வாங்கினோம். தனியே வாங்கியிருந்தால் செலவும் தாங்காது, மையும் காய்ந்திருக்கும். இப்போது அயலவர்கள் தங்கள் பழைய படங்களைக் கொண்டுவருகிறார்கள். கிழமைக்கு ஒன்றாவது அடிக்கவேண்டும் என்ற கவலை எங்களுக்கு இல்லை.

மாமிக்கு இரண்டு பிரதி அடித்தோம். எந்த மையும் திறந்த வெயிலில் என்றைக்கும் நிற்காது என்பதையும் சொன்னேன். ஒன்று வெயில் படாத சுவரில், கண்ணாடிக்குள் இருக்கிறது. மற்றதற்குச் சூடில்லாத பிளாஸ்ரிக் உறை ஒட்டிக் கொடுத்தேன். அது மங்கினால் திரும்ப அடிக்கக் கோப்பு இருக்கிறது.

மாமி வாங்கிப் பார்த்தார். “இப்ப கண் வடிவாத் தெரியுது” என்றார். பிறகு, அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார்.